சுரங்கராணி வெளுத்த கதை

அந்தக் கடிதத்தைக் கலரக்கா முதலில் சிரித்துக்கொண்டுதான் படித்தாள்.

கோடு போட்ட நோட்டுத் தாள். மேல்பாதியில் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டிய இரண்டு முகங்கள். இடப்பக்கம் இருந்தது 'சுரங்கராணி' படக்கதையின் முதல் இதழில் வந்த முகம். வலப்பக்கம் நூற்று அறுபத்து மூன்றாம் இதழில், அதாவது போன வாரம், வந்த முகம். கீழே நீல மையில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கிற கையெழுத்தில் இப்படி இருந்தது:

'ஆசிரியர் அவர்களுக்கு, இவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆளா? முதலில் இருப்பவர் என் நிறத்தில் இருந்தார். அதனால்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். இப்போது இருப்பவர் யார் என்று தெரியவில்லை. பழையவர் செத்துவிட்டாரா? இப்படிக்கு, எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு.'

பெயர் இல்லை. உறையின் பின்பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் முகவரி மட்டும்.

ஆசிரியர்தான் அதைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டார். "சுரங்கத்துக்குள்ளயே கிடக்கிறா, வெயில் படல, வெளுத்துட்டானு பதில் எழுதிடலாமா?" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். கலரக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி அந்த இரண்டு முகங்களையும் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த அந்த வாரப் பத்திரிகை அலுவலகத்தில் பதினோரு வருஷமாகப் படக்கதைகளுக்கு வண்ணம் போடுகிறாள். ஓவியர் கறுப்புக் கோடுகளில் வரைந்து அனுப்புவார். சட்டைக்கு நீலம், சுவருக்குப் பழுப்பு, முகத்துக்கு முகத்தின் நிறம் என்று கணினியில் நிரப்புவது அவள் வேலை. ஓவியர்தான் 'கலரக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார். அது ஒட்டிக்கொண்டது. மைக்காரர் இரண்டு டப்பாவில் ஒரே சிவப்பைக் கொண்டுவந்து வைத்தால், எது போன மாதத்துச் சரக்கு என்று தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். அவள் கண்ணுக்கு ஒரு நூல் வித்தியாசம்கூடத் தப்பாது என்று அலுவலகமே பெருமையாகச் சொல்லும்.

அந்தக் கண்ணுக்கு எதிரே, அவள் கையால் போட்ட முகம் மூன்று வருஷத்தில் நனைந்த களிமண் நிறத்திலிருந்து பால் ஊற்றிய தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

'தாள் மாறியிருக்கும்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அலமாரியைத் திறந்து நூற்று அறுபத்து மூன்று இதழ்களையும் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். தாள் மாறவில்லை. எந்த இரண்டு இதழ்களை அடுத்தடுத்து வைத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. பத்து இதழ் தள்ளி வைத்தால் லேசாகத் தெரிந்தது. ஐம்பது இதழ் தள்ளி வைத்தால் வேறு ஆள்.

குனிந்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாயிற்று. இது தற்செயல் இல்லை. யாரோ பொறுமையாக, கண்ணில் படாத அளவில், வாரா வாரம் செய்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மாலை பக்கம் அவள் கையை விட்டுப் போகும். அங்கிருந்து பக்கங்களை அடுக்கி வடிவமைப்பவரிடம், அவரிடமிருந்து ஆசிரியரிடம், பிறகு அச்சகத்துக்கு. நடுவில் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம். பிடிபடுகிறவரை யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

முதலில் மாட்டியவர் ஓவியர். வீட்டிலிருந்து வரைகிறவர். திங்கட்கிழமைகளில் மட்டும் தோளில் ஒரு நீளப் பையோடு வருவார். கலரக்கா அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, ஒன்றும் தெரியாதவள் போல ஆரம்பித்தாள்.

"தம்பி, முதல் வருஷத்துல ராணிக்கு ஹெல்மெட் இருந்துச்சே?"

"இருந்துச்சுக்கா."

"இப்ப எங்க?"

"முடி தெரியலைன்னாங்க."

"சுரங்கத்துக்குள்ள முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டா போவாங்க? தலைல கல்லு விழாதா?"

ஓவியர் தேநீரை ஊதினார். "கல்லு வில்லன் மேலதான் விழும்."

"தோளு எங்க போச்சு? முதல் இதழ்ல ஒரு ஆளைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஏணி ஏறினா. இப்ப இருக்கிற தோள்ல ஒரு துண்டைப் போட்டாக்கூட நழுவிடும்."

"அக்கா, நீங்க என்னை விசாரிக்கிறீங்களா?"

"சும்மா கேக்குறேன்."

"இடுப்பைச் சின்னது பண்ணது நான். கண்ணைப் பெருசு பண்ணதும் நான்தான். யாரும் ஆர்டர் போடல. ஒரு தடவை சின்னதா வரைஞ்சேன், நல்லா இருக்குன்னாங்க. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். ஆனா நிறத்துல நான் கை வைக்கல. எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது."

கூச்சமே இல்லாமல் அவர் ஒப்புக்கொண்டது அவளுக்கு உறுத்தியது. கேட்காத குற்றத்தை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவன் கேட்ட குற்றத்தை மறைக்கிறானோ என்று தோன்றியது. ஆனால் அவருக்குக் கணினி தெரியாது என்பது நிஜம். தொலைபேசியில் படம் அனுப்பவே மனைவியைக் கூப்பிடுகிறவர்.

அடுத்தது கமுக்கம்.

பக்க வடிவமைப்பாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். பேசமாட்டார். ஏதாவது கேட்டால் ஒரு நொடி முகத்தையே பார்ப்பார், பிறகு தலையை ஆட்டுவார். எல்லாரும் கூடிச் சிரிக்கும்போது கடைசியாகச் சிரிப்பார். அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் தண்ணீர்க் குடம். கலரக்கா தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அவர் திரையில் எதையோ சட்டென்று மூடுவதைக் கொஞ்ச காலமாகவே பார்த்திருக்கிறாள். இதுவரை அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷம் முன்பு ஒரு நாள், அவளுடைய பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் தானாகவே வாயைத் திறந்திருந்தார்: "முகம் கொஞ்சம் இருட்டா இருக்கும்மா." பதினோரு வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன ஒரே விமர்சனம். அதை ஏன் சொன்னார்?

கலரக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். வியாழன்தோறும் பக்கத்தைக் கொடுப்பதற்கு முன் ரகசியமாக ஒரு நகலைத் தன் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டாள். கணினியின் கடவுச்சொல்லை மாற்றினாள். குடத்தில் தண்ணீர் இருக்கும்போதே தம்ளரோடு நான்கு தடவை அந்தப் பக்கம் நடந்தாள். நான்கு தடவையும் அவர் எதையோ மூடினார். ஒரு தடவை, மூடுவதற்கு முன், திரையில் ஒரு பெண்ணின் முகம் பெரிதாகத் தெரிந்தது. உதடும் பல்லுமாக. முகத்தைத்தானே மாற்றுகிறான்.

அவளுக்கே தன்மேல் கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது. பதினோரு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்த மனிதர். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் யாரும் கேட்காமலே அவள் பக்கங்களையும் சேர்த்து முடித்தவர். ஆனால் சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் நல்லதையும் அதுவே தின்று கொழுக்கிறது. 'காய்ச்சல் வாரத்தில்தான் என் கோப்புகளையெல்லாம் பார்த்திருப்பான்' என்று நினைத்தாள்.

நான்காவது வாரம், சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைக் கழுவப் போனவள் ஸ்பூனை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அறையில் யாரும் இல்லை. கமுக்கம் மட்டும் இருந்தார். அவளுடைய நாற்காலியில். அவள் பூட்டாமல் விட்டுப் போயிருந்த திரையில் சுரங்கராணியின் பக்கம் திறந்திருந்தது. அவர் குனிந்து திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

அவர் திரும்பவில்லை.

"அண்ணே, என்ன பண்றீங்கன்னு கேக்குறேன்."

அப்போதும் திரும்பவில்லை. அந்த அலட்சியம்தான் அவளைக் கிளப்பிவிட்டது. குரல் அவளுக்கே தெரியாமல் உயர்ந்தது. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை கழுவாமல் எழுந்து வந்தார்கள். ஆசிரியரும் வந்தார். கலரக்கா எல்லார் எதிரிலும் சொன்னாள்: மூன்று வருஷமாகத் தன் வேலையை இந்த ஆள் திருத்திக்கொண்டிருக்கிறார், ராணியை வெளுக்க வைத்தது இவர்தான், இதோ கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது.

கமுக்கம் அப்போதுதான் திரும்பினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எங்கோ ஒரு சொல் பிடிபட்டது போல் நெற்றி சுருங்கியது.

"நீங்க காலைல ஏதோ மாத்தச் சொன்னீங்க" என்றார் அவளிடம். "எந்தக் கட்டத்துலன்னு புரியல. அதான் பாக்க வந்தேன்."

"மூணாவது கட்டம்னு தெளிவாத்தானே சொன்னேன்?"

"சொல்லியிருப்பீங்க." அவர் அவள் நாற்காலியை விட்டு எழுந்தார். "எனக்குக் காது கேக்கலைம்மா. ரெண்டு வருஷமாச்சு. வலது பக்கம் சுத்தமா இல்ல. இடது பக்கம் போயிட்டிருக்கு. உதட்டைப் பாத்துதான் புரிஞ்சுக்குறேன். அதுக்குப் பாடம் நடத்துற வீடியோ இருக்கு, அதைப் பாத்துக் கத்துக்கிட்டிருந்தேன். வேலை போயிடுமோன்னு யார்கிட்டயும் சொல்லல."

கலரக்காவின் கையில் ஸ்பூன் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

ஆசிரியர், "சரி, சரி, எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க" என்றார். மறுவாரம் கூட்டத்துக்குக் கமுக்கத்தைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரம் அவருடைய மேசை கீழ்த்தளத்தில் நாட்காட்டிகள் அச்சிடும் பிரிவுக்கு இறங்கியது. தண்ணீர்க் குடத்துக்கு முன்னால் தூசி படியாத ஒரு சதுரம் தரையில் மிச்சமிருந்தது.

அப்படியும் அவள் முழுசாக விடவில்லை. காது கேட்காதவர் நிறத்தை மாற்றக் கூடாது என்று சட்டமா? நான்கு வார நகல்களையும் அச்சகத்துக்குப் போன கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, முகத்தின் நிறத்துக்குரிய எண்களை ஒப்பிட்டாள். நான்கு வாரமும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. அவள் கொடுத்தது கொடுத்தபடியே போயிருந்தது. கமுக்கமும் தொடவில்லை, ஆசிரியரும் தொடவில்லை, அச்சகமும் தொடவில்லை.

பிறகு ஏதோ தோன்றி, தன் முதல் வார நகலையும் நான்காம் வார நகலையும் ஒப்பிட்டாள். வேறாக இருந்தன.

பக்கம் அவள் மேசையை விட்டுப் போவதற்கு முன்பே வெளுத்திருக்கிறது. அப்படியானால் யாரோ அவள் இல்லாதபோது வந்து உட்காருகிறார்கள். கடவுச்சொல் மாற்றியும் வருகிறார்கள். யார்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொடியில் துணி காயப் போட்டுவிட்டு வந்து மகளிடம் இதைச் சொன்னாள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மகளுக்கு இருபத்து நான்கு வயது. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"நீ போடு. நான் பாக்குறேன்" என்றாள்.

"நான் போடறதுல பாக்க என்ன இருக்கு? போன வாரப் பக்கத்துல இருந்து நிறத்தை அப்படியே உறிஞ்சி எடுத்து இந்த வார முகத்துல விடறேன். ஒரு மாற்றமும் இல்ல."

"அதையே போட்டுக் காட்டேன்."

வீட்டில் கணினியோடு இணைக்கும் பழைய வரைபலகை ஒன்றும் அதற்கான பேனாவும் இருந்தன. கலரக்கா கணினியைத் திறந்து ஒரு முகத்தை முடித்தாள். நெற்றி, கன்னம், மூக்கின் நிழல், கழுத்து. பத்து நிமிஷம்.

"பாத்தியா? அவ்வளவுதான்."

"கடைசியா ஒண்ணு பண்ணினியே?"

"என்ன பண்ணேன்?"

"முகம் முடிஞ்சதும் கை அந்த ஓரமா போய் எதையோ தள்ளிட்டு வந்துச்சு."

"ஒண்ணும் தள்ளல. நிழல் சரியா இருக்கான்னு பாத்திருப்பேன்."

"தள்ளினம்மா. இன்னொரு முகம் போடு."

இரண்டாவது முகத்தின்போது மகள் ஃபோனை எடுத்து அம்மாவின் கையை மட்டும் படம் பிடித்தாள். முடிந்ததும் காட்டினாள். அதில் கை நிதானமாக வேலை செய்தது. கழுத்து நிழலை முடித்தது. பிறகு, கொஞ்சமும் தயங்காமல், திரையின் ஓரத்தில் வெளிச்சத்தைக் கூட்டும் பட்டைக்குப் போய், அதன் குமிழை ஒரு மயிரிழை மேலே தள்ளிவிட்டு, கோப்பைச் சேமித்தது. பழகிய வீட்டுக் கதவைச் சாத்துவது போல.

கலரக்கா அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்கள். இங்கே கைதான் கள்ளன்.

போன வார நிறத்தை எடுத்து, ஒரு மயிரிழை தூக்கி வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் அந்தத் தூக்கிய நிறத்தை எடுத்து இன்னொரு மயிரிழை. நூற்று அறுபத்தொன்பது வாரம்.

"எனக்கு இது புதுசு இல்லம்மா" என்றாள் மகள்.

"எது?"

மகள் கூடத்துச் சுவரைக் காட்டினாள். பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு, பத்து வயதில் அவளுடைய படம். கலரக்கா ஸ்டூடியோவில் வேலை பார்த்த காலத்தில் தானே எடுத்து, தானே சரி செய்து, சட்டம் போட்டு மாட்டியது.

"அது நான் இல்ல. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனப்ப எல்லாரும் உன் அக்காவான்னு கேட்டாங்க. எனக்கு அக்காவே இல்ல. நீ சந்தோஷமா மாட்டி வச்சிருந்த, அதனால சொல்லல." மகள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "உனக்கு என்கிட்ட என்ன பிடிக்கலைன்னு பதினாலு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்."

"பிடிக்கலைன்னு யாருடி சொன்னா?"

"அப்ப எதுக்கு நிறத்தைத் தூக்கின?"

கலரக்கா எழுந்தாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. ஸ்டூடியோதான் வந்தது.

பத்தொன்பது வயதில் அங்கே சேர்ந்தாள். அந்தக் காலத்தில் நெகட்டிவின் மேல் கூர் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பருவை மறைப்பார்கள், தாடையை ஒடுக்குவார்கள். பிறகு கணினி வந்தது. முதலாளி பின்னால் வந்து நின்று ஒரே வார்த்தைதான் சொல்வார்: "ஒரு படி தூக்கு." வந்தவர் கறுப்போ சிவப்போ, கிழவியோ குழந்தையோ, எந்த முகமானாலும் கடைசியில் ஒரு படி. "அவங்க கேக்க மாட்டாங்க. ஆனா தூக்கலைன்னா திரும்ப வரமாட்டாங்க" என்பார். பதினேழு வருஷம் அப்படித் தூக்கியிருக்கிறாள். வரன் பார்க்கக் கொடுத்த தன்னுடைய படத்தையும் தானே தூக்கியிருக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதித்து, பின்னால் அவளைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவன் ஆறு வருஷத்தில் விட்டுப் போய்விட்டான். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன.

ஒரு அம்மாள் நினைவுக்கு வந்தாள். இறந்துபோன மகளின் சின்னப் படம் ஒன்றைப் பெரிதாக்கக் கொண்டுவந்தவள். கலரக்கா ராப்பகலாக உட்கார்ந்து கிழிசலை ஒட்டி, கறையை நீக்கி, அழகாகச் செய்து கொடுத்தாள். அந்த அம்மாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு?" என்றாள். பிறகு படத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். திரும்ப வரவேயில்லை. "அழுது அழுது கண்ணு மங்கிடுச்சு அதுக்கு" என்றார் முதலாளி. கலரக்காவும் நம்பினாள். இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நம்பியிருந்தாள்.

திங்கட்கிழமை நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள். மகள் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினாள்.

"நான்தான் சார். வேற யாரும் இல்ல. கமுக்கம் அண்ணனை மேல கூப்பிடுங்க. ராணியைப் பழைய நிறத்துல போடறேன்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பென்சில் பெட்டிக்காரங்க பெட்டி மேல போட இந்த முகத்தைத்தான் கேட்டு வாங்கியிருக்காங்க. அடுத்த மாசம் கடைக்கு வருது. இப்பப் போய் மாத்தினா என்ன சொல்லுவாங்க?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சந்தேகப்படும் பழக்கம் போகவில்லை. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்னு சொல்ல முடியாது." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளாக நாளாக நல்லா இருக்குன்னு தோணுச்சு. ஏன்னு கேட்டுக்கல."

அந்தப் பதிலை அவளால் குறை சொல்ல முடியவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஒண்ணு பண்ணும்மா. எப்படி ஏத்தினியோ அப்படியே வாரத்துக்கு ஒரு நூலா இறக்கிட்டு வா. மூணு வருஷத்துல பழைய இடத்துக்கு வந்துடும். யாருக்கும் தெரியாது."

"தெரியாமத்தான் சார் இவ்வளவு தூரம் வந்துச்சு."

ஆசிரியர் தடுக்கவில்லை. நூற்று எழுபதாம் இதழில் சுரங்கராணி நனைந்த களிமண் நிறத்தில் சுரங்கத்துக்குள் இறங்கினாள். கலரக்கா போன வாரப் பக்கத்தைத் திறக்கவேயில்லை. முதல் இதழைத் திரை ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, வலக்கை ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள். ஓவியர், "ஹெல்மெட் வேணா போடறேன்கா. இடுப்பைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க" என்றார். ஹெல்மெட் வந்தது. இடுப்பு அப்படியேதான் இருந்தது.

அந்த வாரம் முப்பத்தோரு கடிதங்கள் வந்தன. ராணிக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டு ஒன்பது. அச்சு சரியில்லை என்று பதினான்கு. நடிகையை மாற்றிவிட்டீர்களா என்று ஒன்று. படக்கதையில் நடிகை எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் புரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் கதையைப் பற்றியே எழுதியிருந்தார்கள். பென்சில் பெட்டி வெளுத்த முகத்தோடேதான் கடைக்கு வந்தது. நன்றாக விற்றது என்றும் கேள்வி.

ஆசிரியர் பதில் பகுதியில் எதையும் போடவில்லை. கலரக்கா தானே ஒரு தாள் எடுத்து எழுதினாள். உறையின் மேல் பள்ளியின் முகவரியோடு, 'எட்டாம் வகுப்பு, ஆ பிரிவில் சுரங்கராணி படிக்கும் பெண்ணுக்கு' என்று போட்டாள். உள்ளே: 'நீ கண்டுபிடித்தது சரி. ஒரே ஆள் இல்லை. பழையவர் சாகவில்லை. அவரை மாற்றியது நான். ஏன் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. இந்த வாரம் பார்.' பதில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது பிரித்துப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருக்கலாம் என்று அவளுக்குச் சந்தேகம்.

கமுக்கத்தைப் பார்க்கப் போவதற்குத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டாள். ஒரு புதன்கிழமை கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அவர் உதட்டைப் பார்க்க வசதியாக, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். தப்பு தன்னுடையது, எல்லார் முன்னாலும் அவரை அவமானப்படுத்தியது பெரிய தப்பு, ஆசிரியரிடம் சொல்லிவிட்டாள், மேலே வரச் சொல்கிறார்.

அவர் கேட்டுவிட்டு, "பாதிதான் புரிஞ்சுது. எழுதிக் குடுங்க" என்றார்.

நிஜமாகவே புரியவில்லையா, இல்லை வேண்டுமென்றே எழுத வைக்கிறாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. நின்றபடியே ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஆறு வரி எழுதிக் கொடுத்தாள். அவர் படித்தார்.

"'மன்னிப்பு'ல ஒரு 'ன்' விட்டுப் போச்சு" என்றார்.

அவள் வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேலே வர மறுத்துவிட்டார். இங்கே மெஷின் சத்தத்தில் எல்லாருமே சைகையில்தான் பேசுகிறார்கள், தனக்கு இதுதான் வசதி என்றார். அவரை அவள் கமுக்கம் என்று சொல்வதை அன்றோடு விட்டாள். நான்கு மாதம் கழித்து இடது காதில் ஒரு கருவி மாட்டிக்கொண்டார்.

"முகம் இருட்டா இருக்குன்னு அன்னைக்கு ஏன் சொன்னீங்க அண்ணே?" என்று பின்னொரு நாள் கேட்டாள்.

"அந்தப் பக்கத்துல விளக்கு இருந்துச்சு. விளக்குப் பக்கத்துல இருக்கிற முகத்துல வெளிச்சம் விழலையே. அதைச் சொன்னேன்."

வீட்டுச் சுவரில் இப்போது மகளின் படம் இருந்த சதுரம் காலியாக இருக்கிறது. படத்தைக் கழற்றியது மகள்தான். வேறு எடுத்து மாட்டலாமா என்று கலரக்கா ஒரு தடவை கேட்டாள். "யார் எடுக்கிறது?" என்றாள் மகள். அவர்களுக்குள் பழையபடி எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். மகள் ஃபோனில் எடுத்த படங்களைச் சில சமயம் காட்டுகிறாள், கையில் கொடுப்பதில்லை.

தன் கையை அவள் இன்னும் நம்பவில்லை. அதனால் வியாழக்கிழமைகளில் பக்கத்தை ஆசிரியருக்கு அனுப்புவதற்கு முன் கீழ்த்தளத்துக்கு அனுப்புகிறாள். அவர் முதல் இதழின் எண்களோடு ஒப்பிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் 'சரி' என்று எழுதி அனுப்புவார். ஏழாவது வாரம் சீட்டில் 'கூடுதல்' என்று வந்தது. கலரக்காவுக்குச் சுரீர் என்றது. பழைய கோபத்தில் வேண்டுமென்றே எழுதுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். எண்களைத் திறந்து தானே பார்த்தாள். அவர் எழுதியது சரி. கழுத்தில் ஒரு மயிரிழை ஏறியிருந்தது. இடக்கை எந்த நேரத்தில் பிடியை விட்டதோ தெரியவில்லை.

அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். மணி மூன்றாகிவிட்டது. இரண்டாவது சீட்டு 'சரி' என்று வந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.